நாலாம் தலைமுறைக் கணினியை இப்போது மாற்ற வேண்டுமா? பரந்தனிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பரந்தனில் உங்கள் வீட்டில் இருப்பது, ஏதோ ஓர் அலுவலகத்தில் பாவித்துக் கழித்த பின்னர் புதுப்பித்து விற்கப்பட்ட டெல் ஒப்டிபிளெக்ஸ் 3020 கணினி. அதில் இன்டெல் கோர் ஐ5-4590 என்ற நாலாம் தலைமுறைப் புரொசசரும் 8 ஜிபி றாமும் (நினைவகமும்) 500 ஜிபி வன்தட்டும் விண்டோஸ் 10 உம் உள்ளன. மகன் இவ்வாண்டு உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறார். நீங்கள் மாலை வேளைகளில் ஊரவர்களுக்கு விண்ணப்பங்களையும் கடிதங்களையும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து கொடுக்கிறீர்கள். கணினி திறக்கவே ஐந்து நிமிடம் செல்கிறது என்று கிளிநொச்சியில் ஒரு கடைக்காரரிடம் முறையிட்டபோது, புரொசசர் பழசாகிவிட்டது, பன்னிரண்டாம் தலைமுறைக்கு மாறுங்கள், பழைய பெட்டியை விலையில் கழித்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். மாறுவதா, இதே பெட்டிக்குள் ஒரு ஐ7 ஐப் போட்டுச் சமாளிப்பதா, பழையதைக் கடைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குப் புரொசசரை மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் சொல்லும் தாமதத்துக்குப் புரொசசர் காரணமாக இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. மாற வேண்டிய உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. அது வேகத்தோடு தொடர்புடையதன்று, விண்டோஸ் 10 இன் ஆயுளோடு தொடர்புடையது. அதைப் பின்னர் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கணினி எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். கணினி திறந்தவுடன் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ் என்ற பகுதியில் புரொசசர், நினைவகம், வன்தட்டு ஆகிய ஒவ்வொன்றும் எத்தனை வீதம் வேலை செய்கின்றன என்பது தெரியும். உங்களுடையதைப் போன்ற கணினிகளில், திறந்து முதற் சில நிமிடங்களுக்கு வன்தட்டு 100 வீதத்தில் நிற்க, புரொசசர் அதிற் கால்வாசியைக்கூடத் தொடாமல் இருப்பதுதான் வழமை. அப்படியானால் குற்றவாளி யார் என்பதில் ஐயம் இல்லை.

ஏன் அப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை விளங்கிக்கொண்டால் கடையில் யார் என்ன சொன்னாலும் நீங்களே எடைபோடலாம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுச் சுழல ஏறத்தாழ 8.3 மில்லி செக்கன் எடுக்கும். வாசிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர்ந்து, அங்கே வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருப்பதற்குச் சராசரியாகப் பன்னிரண்டு மில்லி செக்கன் அளவு போய்விடுகிறது. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை வட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து கேட்கிறது. வன்தட்டால் ஒரு செக்கனில் நூறு அளவிலான இத்தகைய வாசிப்புகளையே செய்ய முடியும். அந்தப் பன்னிரண்டு மில்லி செக்கனுக்குள், 3.3 கிகாஹேட்ஸில் ஓடும் உங்கள் 4590 இன் ஒவ்வொரு கோரிலும் (புரொசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதியிலும்) ஏறத்தாழ நாலு கோடி துடிப்புகள் வீணே கழிந்துவிடுகின்றன. அறுவடை இயந்திரம் வயலில் தொட்டி நிறைந்து நிற்க, நெல்லை ஏற்றிச் செல்லும் உழவு இயந்திரம் இன்னும் வந்து சேராதது போன்ற நிலைமை இது. இந்த நிலையில் இன்னும் பெரிய அறுவடை இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து என்ன பயன்?

வன்தட்டுக்குப் பதிலாக வரும், சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டியில் சுழல்வதற்கோ நகர்வதற்கோ எதுவும் இல்லாததால் அதே சிறு வாசிப்புகளைச் செக்கனுக்குப் பல்லாயிரக்கணக்கில் செய்ய முடிகிறது. ஆகவே உங்கள் முதற் செலவு, 240 அல்லது 256 ஜிபி கொள்ளளவுள்ள, 2.5 அங்குல, சாட்டா வகை (வன்தட்டை இணைக்கும் அதே வகை இணைப்புள்ள) எஸ்எஸ்டி ஒன்றாக இருக்கட்டும். உங்கள் மதர்போட்டில் (பாகங்கள் எல்லாம் பொருந்தும் தாய்ப் பலகையில்) உள்ள எச்81 சிப்செட்டில் செக்கனுக்கு 6 கிகாபிட் வேகமுள்ள சாட்டா துறைகள் இரண்டு இருக்கின்றன. எஸ்எஸ்டியை அவற்றில் ஒன்றிற் பொருத்தினால் செக்கனுக்கு 500 எம்பிக்கு மேற்பட்ட வேகம் கிடைக்கும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி இதைவிடப் பல மடங்கு வேகமானது என்று கடையில் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் உங்கள் போட்டில் அதற்கான இடமும் இல்லை, அதிலிருந்து கணினியைத் திறக்கும் வசதியும் இல்லை. பழைய வன்தட்டைக் கழற்றி எறியாமல், படங்களும் பழைய கோப்புகளும் வைக்கும் இரண்டாவது தட்டாக உள்ளேயே விட்டுவிடலாம். பின்னொரு நாள் கணினியை மாற்றினாலும் இந்த எஸ்எஸ்டி கூடவே வரும். ஆகவே இந்தச் செலவு எந்த வகையிலும் நட்டமாகாது.

றாமைப் பொறுத்தவரை 8 ஜிபி உங்கள் தேவைக்குப் போதும். மகன் ஒரே நேரத்தில் பிரவுசரில் பதினைந்து பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு காணொளி வகுப்பிலும் இருப்பவரானால், டாஸ்க் மனேஜரில் நினைவகம் 85 வீதத்தைத் தாண்டி நிற்பதைக் காண்பீர்கள். அப்போது 16 ஜிபியாக்குங்கள். உங்கள் போட்டில் இரண்டு றாம் துவாரங்களே உள்ளன, அவை ஏற்பது டிடிஆர்3 வகையை மட்டுமே. 8 ஜிபியும் ஒரே குச்சியில் இருக்கிறதா, நாலு நாலாக இரண்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கப் போங்கள்.

இன்னொன்று, வன்னியில் இருப்பவர்களுக்கே உரியது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். வீதியோரச் செம்மண் புழுதியும் அறுவடைக் காலத்துத் தூசும் புரொசசரின் மேலுள்ள வெப்பத் தகடுகளுக்கிடையே கம்பளிபோல் அடைந்திருக்கும். பல்லி முட்டைகளையும் எறும்புப் புற்றையும்கூட நான் கண்டிருக்கிறேன். தகரக் கூரை வீடொன்றில் சித்திரை மாத நண்பகலில் அப்படி அடைபட்ட புரொசசர், தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கணினியின் மின் இணைப்பை முழுவதும் கழற்றி, முற்றத்துக்குக் கொண்டுபோய், விசிறி சுழலாதபடி விரலாற் பிடித்துக்கொண்டு ஊதித் துப்புரவாக்குங்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட கணினி என்பதால் புரொசசருக்கும் வெப்பத் தகட்டுக்கும் இடையிலுள்ள வெப்பப் பசையும் காய்ந்திருக்கும். அதைத் துடைத்துப் புதிதாகப் பூசுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. இதைச் செய்யாமல் புரொசசரைப் பற்றி முடிவெடுப்பது முறையாகாது.

இனி ஐ7 யோசனை. உங்கள் 4590 அமர்ந்திருக்கும் சொக்கெட்டில் பொருந்தக்கூடிய ஐ7-4790 ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் நாலு கோர்கள். உச்ச வேகம் 4590 இல் 3.7, 4790 இல் 4.0 கிகாஹேட்ஸ், அதாவது எட்டு வீத வித்தியாசம். 4790 இல் ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு இழைகளை (வேலைத் தொடர்களை) ஓட்டும் என்பதால் காணொளி மாற்றும் வேலைகளில் அதைவிடக் கூடுதலான பயன் தெரியும், தட்டச்சிலும் இணையத்திலும் ஒன்றும் தெரியாது. அது பாவித்த பொருளாகவே கிடைக்கும், உத்தரவாதமும் இராது. பின்னர் சொல்லப்போகும் விண்டோஸ் 11 ஐப் பொறுத்தவரை ஐ5 எந்த வாசலில் மறிக்கப்படுகிறதோ அதே வாசலில்தான் இதுவும் மறிக்கப்படும். இந்த யோசனையைக் கைவிடுங்கள்.

கடைக்காரர் சொன்ன பன்னிரண்டாம் தலைமுறை மாற்றத்தைப் பற்றி ஒரு விடயத்தைத் தெளிவாக்க வேண்டும். அவர் பேச்சுவாக்கில் புரொசசர் மாற்றம் என்று சொன்னாலும் அது நடைமுறையில் ஒரு புதுக் கணினிதான். நாலாம் தலைமுறை எல்ஜிஏ 1150 சொக்கெட்டிலும் பன்னிரண்டாம் தலைமுறை எல்ஜிஏ 1700 சொக்கெட்டிலும் அமர்வதால் மதர்போட் மாற வேண்டும். புது போட் டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 றாமையே ஏற்கும் என்பதால் றாமும் மாற வேண்டும். உங்கள் ஒப்டிபிளெக்ஸின் பவர் சப்ளை, கடையில் விற்கும் போட்டுகளுக்குரிய 24 ஊசி இணைப்பானை உடையதன்று. டெல் நிறுவனம் தனக்கென அமைத்த 8 ஊசி இணைப்பானையே அது கொண்டிருக்கிறது. ஆகவே அதுவும் மாற வேண்டும். பெட்டியும் டெல்லின் போட்டுக்கென அளந்து செய்யப்பட்டது. கடைசியில் பழைய கணினியிலிருந்து எஞ்சுபவை விசைப்பலகை, மவுஸ், திரை, தட்டுகள் என்பன மட்டுமே.

அந்த மாற்றத்தின் பயனைக் குறைத்துச் சொல்லவும் நான் விரும்பவில்லை. ஐ3-12100 என்ற, அந்தத் தலைமுறையின் கீழ்ப்படியிலுள்ள புரொசசர்கூட, ஒற்றைக் கோர் வேகத்தில் உங்கள் ஐ5 ஐ ஒன்றரை மடங்கு விஞ்சும். எல்லாக் கோர்களும் சேர்ந்து செய்யும் வேலையில் இரண்டு மடங்குக்கும் மேல் விஞ்சும். விபி9, ஏவி1 போன்ற புதிய காணொளி வடிவங்களை விரித்துக் காட்டுவதற்கு அதற்குள்ளேயே தனிச் சுற்றுகள் இருக்கின்றன. உங்கள் புரொசசரில் அவை இல்லாததால் யூடியூப் பார்க்கும்போது கோர்களே அந்தச் சுமையை இழுக்கின்றன. 1080 வரையான காணொளிகளை நாலு கோர்கள் தடையின்றி இழுத்துவிடும், 4கே இல்தான் திணறும். கல்யாண வீட்டு வீடியோக்களை வெட்டித் தொகுப்பவராகவோ பெரிய கட்டட வரைபடங்களை வரைபவராகவோ நீங்கள் இருந்தால் இந்த வித்தியாசத்தால் உங்கள் நேரம் மணித்தியாலக் கணக்கில் மிச்சமாகும், நானும் மாறச் சொல்லியிருப்பேன். பாமினியில் ஒரு விண்ணப்பம் தட்டச்சுச் செய்வதற்கு 2014 இன் புரொசசருக்கும் 2022 இன் புரொசசருக்கும் வேறுபாடு தெரியாது. மகனின் பாடத்திலும் பைதன் நிரல்கள், எச்டிஎம்எல் பக்கங்கள், சிறு தரவுத்தளங்கள் என்பவற்றுக்கு உங்கள் கணினி தாராளமாகக் காணும்.

மின் கட்டணம் குறையும் என்றும் சொல்லப்படுவதுண்டு. பழைய கணினி சராசரியாக 60 வாட் இழுக்கிறது, நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் ஓடுகிறது என்று வைத்தால் மாதத்துக்கு 9 அலகு. புதியது 40 வாட் என்றால் 6 அலகு. மூன்று அலகு மிச்சத்துக்காக யாரும் கணினி வாங்குவதில்லை.

இப்போது அந்த உண்மையான காரணத்துக்கு வருவோம். விண்டோஸ் 10 க்கான மைக்ரோசொப்டின் ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. கணினி அன்றோடு நின்றுவிடவில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் புதுப்பிப்புகள் வழக்கம்போல் வருவது நின்றுவிட்டது. விண்டோஸ் 11 க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் புரொசசரானால் ஒரு சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். தடைகளைச் சுற்றிக்கொண்டு பழைய கணினியிலும் அதைப் பதிந்து தருபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பதிந்த கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தரவில்லை. வங்கிக் கணக்குத் திறக்கப்படும் ஒரு கணினியில் நான் அதைச் செய்யமாட்டேன்.

உங்களுக்கு இரண்டு நேர்மையான வழிகள் உள்ளன. வீட்டுப் பாவனையாளர்களுக்காக மைக்ரோசொப்ட் அறிவித்த நீடித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் 2026 ஒக்டோபர் 13 வரைக்குமானது. கணினியில் விண்டோஸ் 10 இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்து, மைக்ரோசொப்ட் கணக்கொன்றின் வழியாக அமைப்புகளைச் சேமிக்க உடன்பட்டால், பணம் கட்டாமலே அதிற் சேரலாம். மற்ற வழி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ். அதன் ஒரு வடிவமான லினக்ஸ் மின்ட் 22 க்கு 2029 வரை ஆதரவு உண்டு, உங்கள் கணினியில் அது இலகுவாக ஓடும், மகனின் பாடத்துக்கும் அது ஒரு நல்ல பயிற்சி. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு என்பதால், அதை லினக்ஸில் நிறுவினால் உங்கள் விரல்கள் பழகிய அதே விசைகளில் தட்டச்சு வரும். ஒருங்குறியில் (யூனிகோட்டில்) தட்டச்சுச் செய்ய ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பும் கிடைக்கும். வேர்ட்டில் அமைத்த படிவங்கள், லினக்ஸில் அதற்குப் பதிலாக வரும் லிப்ரே ஒபிஸில் திறக்கும்போது வரிகள் சற்று இடம் மாறக்கூடும், பிரின்டரும் ஸ்கானரும் அதில் வேலை செய்யுமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். தட்டச்சு உங்கள் வருமானம் என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் நிறுவி, திறக்கும்போது வேண்டியதைத் தெரிவுசெய்யும்படி வைத்துக்கொள்வது நல்லது.

காலத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 2025 இன் கடைசி மாதங்களிலிருந்து உலகச் சந்தையில் றாமின் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போவதே காரணம். குருஷியல் என்ற பெயரில் வீட்டுப் பாவனைக்கு றாமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரோன் நிறுவனம், அந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. போட்டை மாற்றுபவர் றாமையும் வாங்க வேண்டியிருப்பதால், மாற்றத்துக்கு இது நல்ல தருணமன்று. அதோடு, உங்கள் மகன் உயர்தரம் முடித்து வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்துக்கோ ஜெர்மன் தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ போவாரானால், அவருக்குத் தேவைப்படப்போவது மடிக்கணினி. இன்று மேசைக் கணினியிற் போடும் பெரிய தொகை அன்று அவருக்கு உதவாது. இதுதான் என் முடிவைத் தீர்மானித்த காரணம்.

இவற்றையெல்லாம் கேட்ட பின்னும் விண்டோஸ் 11 கட்டாயம் என்று நினைத்தால், ஆகக் குறைந்த செலவில் அங்கே போகும் வழி, எட்டாம் தலைமுறை ஐ5-8500 போன்ற புரொசசருள்ள, புதுப்பித்த அலுவலகக் கணினி. அதில் ஆறு கோர்கள் உண்டு. புதிதாகவே வேண்டுமானால் ஐ3-12100 அல்லது ஐ5-12400, ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி. இன்டெல்லின் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதற்குள் திரைக்கான கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்ட் வாங்க வேண்டிவரும். பாவித்த பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை உயர்ரகப் புரொசசர்களைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் மின்னழுத்தக் கோளாறால் நிலைகுலைவு ஏற்பட்டதை இன்டெல் 2024 இல் ஏற்றுக்கொண்டு, திருத்தங்களை வெளியிட்டு உத்தரவாதத்தையும் நீடித்தது. ஏற்கெனவே பாதிக்கப்பட்டதை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது.

ஐ7 என்ற எழுத்தை மட்டும் பார்த்து எதையும் வாங்காதீர்கள். 2011 இல் வந்த ஐ7-2600 ஐயும் ஐ7 என்றுதான் விற்பார்கள். மேலே சொன்ன ஐ3-12100 அதை எளிதில் தோற்கடிக்கும். கோடுக்குப் பின்வரும் முதல் இலக்கமோ இரண்டு இலக்கங்களோதான் தலைமுறையைச் சொல்கின்றன. செயற்கை நுண்ணறிவுப் புரொசசர் என்று விலை கூட்டிச் சொல்லும் மேசைக் கணினிகளும் வந்திருக்கின்றன. இன்டெல் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையில் அதற்கென உள்ள பகுதி 13 டொப்ஸ் வேகமுடையது (ஒரு டொப்ஸ் என்பது செக்கனுக்கு ஓர் இலட்சம் கோடிக் கணிப்புகள்). மைக்ரோசொப்ட் தன் கோபைலட் பிளஸ் கணினிகளுக்குக் கேட்பது 40. உங்களுக்கு அது ஒரு ரூபாயும் பெறாது.

எஸ்எஸ்டிக்குப் பிறகு கையில் பணம் மிஞ்சினால் அதை, மின்சாரம் தடைப்படும்போது கணினியைத் தாங்கும் யூபிஎஸ்ஸில் போடுங்கள். மாரிக்கு முன்னான இடிமின்னல் காலத்திலும், மின்கம்பி வரிசையின் கடைசியிலுள்ள வீடுகளில் மாலையில் அழுத்தம் இறங்கும்போதும், கணினிக்கு வரும் கேட்டைப் புதுப் புரொசசர் தடுக்காது. யூபிஎஸ் வாங்கும்போது உங்கள் கணினியையே கடைக்குக் கொண்டுபோய், மின்சாரத்தைத் துண்டித்து, அது அணையாமல் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; மலிவான யூபிஎஸ்கள் தரும் சதுர அலை சில நவீன பவர் சப்ளைகளுக்கு ஒத்துவருவதில்லை.

கடைசிக் கேள்வி, பழைய பெட்டியைக் கடைக்குக் கொடுப்பது பற்றியது. என்றைக்காவது கொடுத்தாலும் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். உங்களிடம் விண்ணப்பம் எழுத வந்தவர்களின் அடையாள அட்டைப் பிரதிகளும் காணி உறுதிகளும் வங்கிக் கணக்கு இலக்கங்களும் அதில் இருக்கும். அழித்துவிட்டோம் என்று நினைக்கும் கோப்புகளையும் மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வன்தட்டு இல்லை என்பதற்காகக் கடைக்காரர் விலையிற் குறைக்கும் தொகை அதிகமாக இராது.